இரண்டாவது துளையில் வந்த அழைப்பு

கார்டு மெஷினிலிருந்து வரும் சீட்டு சூடாகத்தான் வரும். அந்தத் தாளுக்கு மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பதினாறு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிற லைன்காரனுக்கு, கிழித்தெடுத்த சீட்டின் கதகதப்பு விரல் நுனிக்குப் பழகிப்போன ஒன்று. அன்றைக்குக் காலையில் செருப்புக் கடையில் வேலையை முடித்து, சோதனைக்கு ஒரு சீட்டு அடித்துக் கிழித்தபோது அது ஜில்லென்று இருந்தது.

கடைக்குள் நல்ல வெக்கை. தோல் வாடையும் பசை வாடையும் மூக்கை அடைத்தன. மேலே ஓடிய மின்விசிறி சுடுகாற்றையே திரும்பத் திரும்பக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. கவுன்டருக்கு அடியில் குனிந்து ஒயர் கோத்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த வெக்கையில், ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து உருவியெடுத்தது போல ஒரு சீட்டு. அவன் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இன்னொன்று அடித்தான். அதுவும் அப்படியே வந்தது. எழுத்து மட்டும் கறுப்பாக, சுத்தமாக விழுந்திருந்தது. சூடே இல்லாமல் எப்படிக் கறுத்தது என்று செருப்புக் கடைக்காரர் கேட்கவில்லை. சீட்டு வந்தால் போதும் அவருக்கு. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

அவன் கடை கடையாக மாட்டுகிற அடாப்டர் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பழைய செப்புக் கம்பி லைன்களை டெலிபோன் கம்பெனி பிடுங்கிக்கொண்டிருந்தது. கடைகளில் இருந்த பழைய கார்டு மெஷின்களுக்கோ அந்த லைனை விட்டால் வேறு கதி கிடையாது. நடுவில் உட்கார்ந்து, மெஷின் பேசுவதை இன்டர்நெட்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது பெட்டியின் வேலை. பின்பக்கம் இரண்டு துளை. முதல் துளையில் கார்டு மெஷின். அதே லைனை நம்பிப் பிழைக்கிற வேறு ஏதாவது இருந்தால், அலாரமோ வீட்டு டெலிபோனோ, அது இரண்டாவது துளையில். எல்லாவற்றையும் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனிக் காகிதத்தில் போட்டிருந்தது. விற்கிறவன் காகிதம் அப்படித்தான் பேசும்.

அடுத்தது கண்ணாடிக் கடை. அங்கேயும் சீட்டு ஜில்லென்று வந்தது. தாளின் ஓரத்தில் ஈரம் வேறு. அதற்கடுத்து மருந்துக் கடை. அங்கே மெஷின் நம்பர் போடும்போது அதன் சின்ன ஸ்பீக்கரில் எப்போதும் வருகிற கீச்சுச் சத்தத்துக்குப் பின்னால், எங்கோ ஆழத்தில், தடித்த இரும்பில் யாரோ கையால் அடிக்கிற சத்தம் கேட்டது. டம். கொஞ்சம் இடைவெளி. டம். லைன்காரன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தான். கீச்சு குறைந்தது. மற்றது குறையவில்லை.

மருந்துக் கடைப் பெண் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடவில்லையா, சர்க்கரை இருக்கிறதா, உட்காருங்கள் என்றாள். அவன் உட்காரவில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவனுக்குத் தெரியும். தெரிந்தவனால் உட்கார முடியாது.

ஒன்றரை மாதத்துக்கு முன் அவன் ஒரு மீன் கிடங்கில் அடாப்டர் மாட்டினான். முன்னால் கடை, பின்னால் பெரிய குளிரறை. சுவர் முழுக்க உறைந்த மீன் பெட்டிகள். குளிரறைக்குள் இருந்து வேலை பார்த்தவரை எல்லோரும் ஐஸ்காரர் என்றார்கள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்குச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் டெலிபோன் லைன் வழியாக முதலாளியின் வீட்டில் மணி அடிக்கும். புதுப் பெட்டியில் அந்த அலாரம் இரண்டாவது துளைக்கு வந்தது. அது எந்த நம்பருக்குப் போக வேண்டும் என்பதைப் பெட்டிக்குள் எழுதி வைக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். சோதனைக்காகத் தன்னுடைய செல்போன் நம்பரைப் போட்டான். மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கடைக்காரர் நம்பரை மாற்றிப் போட வேண்டும். அவன் தன் நம்பரைப் போட்டான்; உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சோம்பல்; அடுத்த கடையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். படிவத்தில் ‘அலாரம் சோதிக்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே கையெழுத்து வேண்டியிருந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். ஐஸ்காரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெருவுக்கு வந்து, வண்டி இருக்கையின் மேல் வைத்துத் தானே எழுதினான். நம்பரை மாற்ற மறந்து போனான்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம், ஐஸ்காரர் கிளம்பிப் போய்விட்டார் என்று நினைத்து முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டார். ஐஸ்காரரின் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குளிரறைக் கதவின் உள் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்ததாம், பிடிக்கவில்லையாம். திங்கட்கிழமை காலையில் திறந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு நாற்பதுக்கு லைன்காரனின் போன் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எடுத்தான். பீப், பீப் என்று ஏதோ கேட்டது. வைத்துவிட்டான். மறுபடி அடித்தது, கட் செய்தான். மூன்றாவது முறை மனைவி, யாருங்க, எடுங்களேன் என்றாள். லோன் வேணுமான்னு கேக்கிறவன் என்றான். நாலாவது முறை நம்பரின் கடைசி நாலு எண் அவன் கண்ணில் பட்டது. அவனே படிவத்தில் எழுதிய எண். மீன் கிடங்கு.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போதுகூட இந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விடுவான். அது குளிரறை அலாரம் என்று அவனுக்குத் தெரிந்தது. பொய் அலாரம், புது ஒயரில் ஏதோ கோளாறு, திங்கட்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தான். நினைத்து, அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டுக் கை கழுவப் போனான்.

மருந்துக் கடை வாசலில் நிற்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். மீன் கிடங்கை மறுபடி திறந்து ஒரு வாரமாகிறது, கார்டு மெஷின் இன்று காலையிலிருந்து வேலை செய்யவில்லை, போய்ப் பார் என்றார். அவன் வேறு ஆளை அனுப்பச் சொன்னான். அனுப்பலாம், ஆனால் நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் வந்து நீ மாட்டின அந்தப் பெட்டியைச் சோதனைக்குக் கழற்றிக்கொண்டு போகிறாராம், மாட்டினவனே இருந்து எடுத்துக் கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் அந்தப் புதுப் பையனை அனுப்பட்டுமா என்று கேட்டார் மேனேஜர்.

பெட்டியைத் திறக்கிறவன் யாராக இருந்தாலும் முதலில் பார்ப்பது இரண்டாவது துளையின் நம்பரைத்தான். அவன் நம்பர். வேலை போகும்; அது பரவாயில்லை. ஜெயில். அதற்குமுன் அதைத் துடைத்துவிட வேண்டும். பெட்டியின் அடியில் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. பத்து விநாடி குத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும். நேரில் போய்க் குத்தினால்தான் அழியும்.

போகிறேன் என்றான்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் இல்லை. மீன் கிடங்கின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். உப்பு, இரும்பு, பழைய தண்ணீர் எல்லாம் சேர்ந்த வாடை முகத்தில் வந்து அப்பியது. வெளியே கண்ணைக் குத்துகிற வெயில். உள்ளே ஒரு குழல்விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கடையின் பின்பக்கம் முழுக்க அந்தக் குளிரறைக் கதவு, ஆள் உயரத்துக்கு மேல், வெள்ளை பெயின்ட் உரிந்து, அதற்குப் பின்னால் மோட்டார் நிறுத்தாமல் முனகிக்கொண்டிருந்தது.

கவுன்டரில் ஐஸ்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முதலாளி கொடுத்த வேலை. வாயை அடைக்கக் கொடுத்த வேலை என்று தெருவுக்கே தெரியும். அவளும் தெரிந்துதான் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டும் இருந்தாள்.

“வாங்கண்ணே. உங்களைத்தான் அனுப்பச் சொன்னேன்” என்றாள்.

அவன் கவுன்டருக்கு அடியில் குனிந்தான். பெட்டி அங்கேதான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. லைனில் ஒரு கோளாறும் இல்லை. கார்டு மெஷினின் ஒயரை யாரோ உருவிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். திரும்பச் சொருகினான். சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தான்.

மேலே காகிதம் சலசலத்தது. கீழே குனிந்திருந்தவன் கண்ணெதிரே ஒரு மஞ்சள் தாள் நீண்டது. அவன் கொடுத்த படிவத்தின் நகல்.

“இதுல அவர் கையெழுத்து இருக்கே, எப்பண்ணே வாங்கினீங்க?”

பெட்டி மாட்டின அன்றைக்கு என்றான் அவன். உள்ளே கூட்டிப் போய் அலாரத்தை அமுக்கிக் காட்டி, அப்புறம்தான் வாங்கினேன் என்றும் சொன்னான். கேட்காததைச் சொல்கிறவன் மாட்டிக்கொள்கிறான். அது அவனுக்கும் தெரியும். நாக்கு கேட்கவில்லை.

“எழுத்து முத்து முத்தா இருக்கு” என்றாள். “அவருக்குக் கைநாட்டுதாண்ணே. பேரை மட்டுமாவது எழுதுய்யான்னு ரெண்டு வருஷம் மல்லுக்கட்டினேன். பேனாவைக் குடுத்தா கடப்பாரையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார். கடைசியில என் பேனா முனைதான் உடைஞ்சுது.” சிரித்தாள். உண்மையாகவே சிரிப்பு வந்தது அவளுக்கு. பிறகு நின்றுவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

கார்டு மெஷின் தானாகவே முனகி, சீட்டைத் தள்ளத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. ஒரு சாண். ஒரு முழம். நிற்கவில்லை. கவுன்டர் விளிம்பில் வழிந்து, தொங்கி, அவன் கழுத்தில் வந்து பட்டது. ஐஸ்.

அவன் அதை விலக்கினான். விலக்கும்போதே படித்துவிட்டான். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஒரு நம்பர். எல்லா வரியிலும் ஒரே நம்பர். இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்தொன்று. அவன் எண்ணியது நாலு. சீட்டில் நாலுக்குக் கீழேயும் வரி போய்க்கொண்டே இருந்தது. மூன்று மணி. மூன்றரை. நாலே கால். கடைசி வரியில் ஆறு ஐம்பத்திரண்டு.

“முப்பத்தொண்ணு” என்றாள் அவள். “தினம் இந்த நேரத்துக்கு வருது. எண்ணி எண்ணி மனப்பாடம் ஆயிடுச்சு. யார் நம்பர்னு நான் இன்னும் கூப்பிட்டுப் பாக்கலை. நீங்க வந்ததும் பாக்கலாம்னு வெச்சிருந்தேன்.”

அவள் போனை எடுத்துப் பொறுமையாக ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள்.

அவன் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவன் ஒன்றும் நினைக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. கை போனது, கட்டைவிரல் கட் செய்தது. பழக்கம்.

மோட்டார் நின்றது. அதுவரை காதில் இருந்த முனகல் போனதும் கடை முழுக்க வெறும் அமைதி. குளிரறைக் கதவுக்குப் பின்னால், மெதுவாக.

டம்.

“இப்படித்தான் கட் பண்ணியா?” என்றாள் அவள். அண்ணே போய்விட்டது. வாங்க போங்க போய்விட்டது.

அவன் ஊசியைக் குத்தினான். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை இறங்கியது. பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒன்று. இரண்டு. அவள் தடுப்பாள், கத்துவாள், ஆளைக் கூப்பிடுவாள் என்று பார்த்தான். அவள் அசையவே இல்லை. நாற்காலியிலிருந்து குனிந்து, பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்க்கிற மாதிரி அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம். ஏழு. எட்டு. டம். பத்து. பச்சை விளக்கு சிவப்பாகி, அணைந்து, மறுபடி பச்சையானது. அழிந்தது.

“போலீஸுக்குப் போன்னு எல்லாரும் சொன்னாங்க” என்றாள். “போனா உனக்கு எவ்வளவு குடுப்பான்? ரெண்டு வருஷம். அது போதாதாம்.”

போதாதாம் என்று அவள் சொன்னபோது பார்வை கதவுப் பக்கம் போய் வந்ததை அவன் பார்த்தான்.

“அழிச்சிட்ட. சரி. இத்தனை நாளா உன் நம்பர்தான் அவருக்குத் தெரியும். இனிமே யாரைக் கூப்பிடறதுன்னு அவரே பாத்துக்குவார். நீ கிளம்பு.”

அவன் ஷட்டருக்கு அடியில் ஏறக்குறையத் தவழ்ந்து வெளியே வந்தான். வெயில் முதுகில் விழுந்தது. சுட்டது. சுடுகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தாண்டி நிறுத்தி மூச்சு வாங்கினான். சீட்டு இருக்கலாம், அந்தத் தாளை ஒரு மாதம் வெயிலில் போட்டால் வெறும் தாள். கையெழுத்து இருக்கலாம், ஐஸ்காரருக்குப் பதில் யாரோ போட்டார்கள், யார் கண்டது. பெட்டி காலி. அடுத்த கடையில் சும்மா ஒரு சீட்டு அடித்துப் பார்த்தான். கதகதவென்று வந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒன்று அடித்தான். அதையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். கரண்ட் இல்லை. ஜன்னல் வழியாக மிச்ச வெளிச்சம் தரையில் கிடந்தது. காற்று அசையவில்லை, சுவரைத் தொட்டால் அடுப்பைத் தொட்ட மாதிரி இருந்தது. மனைவி தரையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கச்சியோடு பேசுகிறாள் என்று நினைத்தான். பேச்சு முடிந்த பாடாக இராது. செருப்பைக் கழற்றினான், பையை மாட்டினான், தண்ணீர் குடித்தான். அவள் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ம்” என்றாள். “ம்.”

யார் என்று ஜாடையில் கேட்டான்.

“தெரியலைங்க. மத்தியானத்திலிருந்து பேசறார்.” குரல் தேய்ந்து வந்தது. “பாவங்க. எங்கேயோ மாட்டிக்கிட்டாராம். கதவு திறக்கமாட்டேங்குதாம். யாரைக் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கறாங்களாம்.”

டம்ளர் கையிலிருந்து விழுந்தது. உருண்டது.

கட் பண்ணு என்றான். மறுபடி சொன்னான்.

“எப்படிங்க கட் பண்றது? குளிருதுங்கறார். நான் இருக்கேன், வெக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

சொல்லும்போது அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

அந்த வெக்கையில். அவன் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு புகைந்தது.

பாய்ந்து போனைப் பிடித்தான். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் தோல் கிழிந்தது. போன் வரவில்லை. அவள் காதோடு, கன்னத்தோடு, ஒன்றாக இருந்தது. அதில் வெளிச்சம் இல்லை. அது எப்போதோ அணைந்து போயிருந்தது. கரண்ட் போய் வெகு நேரமாயிற்று, சார்ஜ் இல்லை.

“ம்” என்றாள் அவள்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். உலுக்கினான். புடவை உறைந்து மொறமொறத்தது. கண்ணிமை ஓரத்தில் வெள்ளைப் பொடி. உதடு நீலம். அவள் அவனைப் பார்த்தாள், இரக்கத்தோடு, யாரோ முன்பின் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி.

“உங்களைத் தெரியுமாம்” என்றாள். “நீங்க எடுக்க வேண்டாமாம். பாத்துக்கிட்டிருந்தா போதுமாம்.”

அவன் மண்டியிட்டான். என்னிடம் கொடு என்றான். நான் பேசுகிறேன். நான் எடுக்கிறேன். கும்பிட்டான். போனைப் பார்த்துக் கும்பிட்டான்.

புகை மெலிந்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இருக்கிற வெளிச்சத்தில் அடுத்த புகைக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரவில்லை.

மார்பு ஏறி இறங்கவில்லை. கண் அசையவில்லை.

“ம்” என்றாள் அவள். “ம். சொல்லுங்க.”